முக்கோணத்தில் தொடங்கும் படிப்பு

உயர்தரத்தில் கணிதப் பிரிவிற் படிக்கும் ஒரு பிள்ளை, "பல்கலைக்கழகம் போனால் கணனி வரைகலையும் அசைவூட்டமும் படிக்கப்போறன்" என்று சொன்னால் எமது வீடுகளில் என்ன பதில் வரும்? "காட்டூன் கீறவோ உன்னை இவ்வளவு பாடுபட்டுப் படிப்பிக்கிறம்?" என்று தகப்பன் கேட்பார். "உனக்குப் படம் கீற வராதே பிள்ளை" என்று தாய் கவலைப்படுவார். வேறு சில வீடுகளில் நடப்பது இதற்கு மறுபக்கம். ஆறு மாதத்தில் அசைவூட்டத் தொழில்நுட்பம் முழுவதையும் கற்பிப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பி, கையில் மிஞ்சியிருந்த ஒரு சோடிக் காப்பையும் அடகு வைத்துப் பிள்ளையை நகரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

முதல் வீட்டில் பிள்ளையின் ஆசை முளையிலேயே கருகுகிறது. இரண்டாம் வீட்டில் காப்புப் போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்தப் படிப்பு உண்மையில் என்ன என்பதை எவரும் எமது மக்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. காணியையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பத்துக்கு ஒரு பிள்ளையின் படிப்பைப் பற்றிய முடிவு சிறிய முடிவல்ல. ஆகவே அதனை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது நன்றாகக் கீறத் தெரிந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட படிப்பு அல்ல. கணக்கை விடாமற் பிடித்துக்கொண்டவர்களுக்கான படிப்பு.

அகதிகள் கட்டிய நகரம்

கணனி வரைகலை ஒரு பல்கலைக்கழகப் பாடமாக உருப்பெற்ற இடங்களுள் முதன்மையானது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். அது அமைந்துள்ள சோல்ட் லேக் நகரத்தின் கதை எமக்கு அந்நியமானதல்ல. இல்லினோய் மாநிலத்தில் துன்புறுத்தலுக்கு ஆளான மோர்மன் சமயத்தவர் 1846இல் வீடுவாசலை விட்டு வண்டிகளிற் புறப்பட்டு, 1847 யூலையில் அந்த வரண்ட பள்ளத்தாக்கை அடைந்தனர். மலையிலிருந்து வரும் ஓடைகளைத் திருப்பி, வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தனர். அங்கு முன்பிருந்தே வாழ்ந்த யூட், சொசோனி பழங்குடி மக்கள் இதனால் தமது நிலத்தை இழந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. ஒருவருடைய புகலிடம் மற்றொருவருடைய இழப்பாக மாறுவதை நாமும் கண்டிருக்கிறோம்.

வந்து மூன்றாம் ஆண்டில், 1850இல், அந்த மக்கள் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினர். பணமில்லாமையால் சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. 1867இல் மீண்டும் திறந்தார்கள். அதன் தொடர்ச்சியே இன்றைய யூட்டா பல்கலைக்கழகம்.

அந்நகரிலேயே பிறந்த டேவிட் எவன்ஸ் என்ற பேராசிரியர் 1965இல் அங்கு கணனித் துறையைத் தொடங்க வந்தார். 1968இல் ஐவன் சதர்லாந்து அவருடன் சேர்ந்தார். கணனித் திரையில் ஒளிப்பேனாவால் நேரடியாகக் கோடு வரையும் முறையை 1963இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாகச் செய்து காட்டியவர் அவர். இவர்களது ஆய்வுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகம் பணம் கொடுத்தது. படைத்துறைக்கென ஒதுக்கிய பணத்திலிருந்து, குழந்தைகள் பார்த்துச் சிரிக்கும் படங்களின் கலையும் பிறந்தது.

கீறுதல் அல்ல, அளத்தல்

1972இல் சதர்லாந்தின் மாணவர்கள் ஒரு மோட்டார் காரைக் கணனிக்குள் கொண்டுவர விரும்பினார்கள். எடுத்துக்கொண்டது அவருடைய மனைவியின் வொக்ஸ்வாகன் கார். யாரும் அதைப் பார்த்துக் கீறவில்லை. காரின் உடம்பு முழுவதும் புள்ளிகளும் கோடுகளும் இட்டு, அளவுகோல்களை வைத்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதினார்கள். ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள். பாடசாலையில் பிள்ளைகள் ஆள்கூறு என்று படிப்பது இதைத்தான். அங்கே தாளில் இரண்டு எண்கள், இங்கே உயரத்துக்கு மூன்றாவது எண்.

எமது விவசாயிகளுக்கு இந்த வேலை புதிதல்ல. நாலாபக்கமும் கோணலான ஒரு காணியை நில அளவையாளர் எப்படி அளக்கிறார்? முக்கோணங்களாகப் பிரித்து அளக்கிறார். கணனி வரைகலையிலும் கார், முகம், மரம் எல்லாமே முக்கோணங்களாகவே பிரிக்கப்படுகின்றன. மூன்று கால் முக்காலி மேடுபள்ளமான முற்றத்திலும் ஆடாது நிற்கும். நான்கு கால் கதிரை ஆடும். எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் அவை ஒரே தளத்தில் அமையும் என்பதே காரணம். கணனிக்கும் அதுவே வசதி.

அதே ஆண்டில் எட் கட்மல் என்ற மாணவர் தமது இடது கையின் சாந்து அச்சை எடுத்து, அதன்மேல் ஏறக்குறைய 350 முக்கோணங்களையும் பல்கோணங்களையும் கீறி, ஒவ்வொரு மூலையையும் அளந்து கணனிக்குக் கொடுத்தார். விரல்களை மடக்கி விரிக்கும் அந்தக் கையின் படத்தை 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கப்படவேண்டிய திரைப்படங்களின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

கட்மலின் வாழ்க்கை பெற்றோர் அறியவேண்டியது. சிறுவயதில் டிஸ்னி நிறுவனத்தின் படக் கலைஞராக வர ஆசைப்பட்டார். வளர்ந்தபோது, அதற்குப் போதிய அளவு தமக்குக் கீற வராது என்று கண்டு பௌதிகவியலும் கணனி விஞ்ஞானமும் படித்தார். பட்டம் பெற்று வேலைக்குப் போன இடத்தில் ஆட்குறைப்பில் வேலை போயிற்று. திரும்பவும் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பிற்காலத்தில் பிக்சார் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். முழுவதும் கணனியாலேயே உருவாக்கப்பட்ட முதலாவது முழுநீளத் திரைப்படமான "டோய் ஸ்டோரி" 1995இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. கீற வராதே என்று கவலைப்படும் தாய்மாருக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

ஹனோயில் பிறந்த மாணவர்

உலகில் எந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தைப் படித்தாலும் ஒரு பெயரைக் கேட்காமல் வெளியே வர முடியாது. பூய் துவொங் ஃபொங் என்பது அப்பெயர். அவர் 1942இல் வியட்நாமின் ஹனோய் நகரிற் பிறந்தார். 1954இல் ஜெனீவா உடன்படிக்கை அந்நாட்டை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தபோது லட்சக்கணக்கானோர் வடக்கை விட்டுத் தெற்கே போனார்கள். அவர்களுட் பெரும்பகுதியினர் கத்தோலிக்கர். அதே ஆண்டில் ஃபொங்கின் குடும்பமும் தெற்கே சைகோனுக்கு இடம்மாறியது. அப்போது அவருக்குப் பதினொரு வயது. ஹனோயில் ஒரு பாடசாலை, சைகோனில் வேறொரு பாடசாலை. 1964இல் பிரான்சுக்குப் போய்ப் பொறியியல் கற்றார். 1971இல் யூட்டாவுக்கு வந்தார். 1973இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரு பொருளின் மேல் வெளிச்சம் விழும்போது அது ஏன் அப்படித் தெரிகிறது?

இதை ஒரு பின்னேரத்தில் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மண்சட்டியையும் ஒரு கத்தரிக்காயையும் அருகருகே வைத்து ரோச் லைற்றை அடியுங்கள். மூன்று விடயங்கள் தெரியும். முதலாவது, வெளிச்சம் நேரே படாத பக்கமும் முழு இருட்டாக இல்லை. சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே கொஞ்சம் இருக்கிறது. இரண்டாவது, ரோச்சுக்கு நேராக இருக்கும் பகுதி கூடிய வெளிச்சமாகவும், சரிந்து போகும் பகுதி மங்கலாகவும் இருக்கிறது. மூன்றாவது, கத்தரிக்காயின் மேல் ஒரு சிறிய வெள்ளைப் பொட்டு மின்னுகிறது. நீங்கள் தலையை அசைத்தால் அந்தப் பொட்டும் அசையும். மண்சட்டியில் அது இல்லை, அல்லது மிக மங்கலாகப் பரந்து கிடக்கும்.

இந்த மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் பொருள் உண்மையானது போலத் தெரியும் என்று ஃபொங் காட்டினார். இரண்டாவது பகுதிக்குத் தேவைப்படுவது சாதாரண தரத் திரிகோண கணிதம். தலைக்கு நேரே நிற்கும் உச்சி வெயிலை 1 என்று வைத்தால், சூரியன் உச்சியிலிருந்து 60 பாகை சரிந்திருக்கும்போது அதே துண்டு நிலத்தில் அதே கதிர்கள் இருமடங்கு பரப்பில் பரவுகின்றன. ஆகவே வெளிச்சம் பாதி. 60 பாகையின் கோசைன் 0.5 என்று பிள்ளை பாடமாக்குவது இதைத்தான். காலை வெயில் ஏன் சுடுவதில்லை என்பதற்கான முக்கியமான காரணமும் இதுவே.

மின்னும் பொட்டுக்கு ஃபொங் கண்ட வழி இன்னும் எளிது. அந்தக் கோசைன் எண்ணை மீண்டும் மீண்டும் அதனாலேயே பெருக்குவது. 0.9 என்ற எண்ணைப் பத்துத் தடவை எழுதிப் பெருக்கினால் ஏறக்குறைய 0.35 வரும். ஐம்பது தடவை எழுதிப் பெருக்கினால் 0.005தான். 1 மட்டும் எத்தனை தடவை பெருக்கினாலும் 1 ஆகவே நிற்கும். ஆகவே கூடிய தடவை பெருக்கினால் நடுவில் மட்டும் கூர்மையான வெள்ளைப் பொட்டு, சுற்றிவர ஒன்றுமில்லை. அது கத்தரிக்காய். குறைந்த தடவை பெருக்கினால் பரந்த மங்கல் ஒளி. அது மண்சட்டி. ஒரு மாணவர் தனது செய்நிரலில் இந்த ஓர் எண்ணை மாற்றி, சட்டியைக் கத்தரிக்காய் ஆக்கலாம்.

கலாநிதிப் படிப்பின்போதே தமக்கு இரத்தப் புற்றுநோய் என்பது ஃபொங்குக்குத் தெரியும். அவர் 1975 யூலையில், 32 வயதில் இறந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் சைகோன் வீழ்ந்தது. அவருடைய ஒளிக்கணக்கு ஒரு கட்டுரையாக அதே 1975இல் அச்சேறியது. அவர் பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் போரிற் சிக்கிய ஊர்கள். ஆனால் ஐம்பது ஆண்டுகள் சென்றும் மாணவர்கள் அவர் பெயராலேயே அந்தக் கணக்கைப் படிக்கிறார்கள்.

தேங்காய் விழும் விதம்

அடுத்தது அசைவூட்டம். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள். ஒவ்வொன்றையும் கையால் வைக்க முடியாது. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் கொடுத்து, இடையிலுள்ளவற்றைக் கணனியைக் கொண்டு கணக்கிடுவிப்பதே இந்தச் செய்நிரலாக்கத்தின் அடிப்படை. ஆனால் எப்படிக் கணக்கிடுவது என்பதை மாணவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரு தேங்காய் விழுவதை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு கீழே இறக்கினால் அது விழுவது போல் இராது. கயிற்றில் கட்டி இறக்குவது போல் இருக்கும். உண்மையில் விழும் தேங்காய் முதற் கால் வினாடியில் 31 சென்றிமீற்றர் மட்டுமே இறங்குகிறது. அரை வினாடி முடிவில் 1.23 மீற்றர், முக்கால் வினாடி முடிவில் 2.76 மீற்றர், ஒரு வினாடி முடிவில் 4.9 மீற்றர். ஒவ்வொரு கால் வினாடியிலும் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் ஏறுகிறது. உயர்தரப் பௌதிகவியலில் பிள்ளை படிக்கும் அதே சமன்பாடு.

இதைச் சோதிக்கக் கணனி வேண்டியதில்லை. சதுரக்கோடு போட்ட கணக்குக் கொப்பி ஒன்றின் ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம் ஒரு சிறு வட்டத்தைக் கீறச் சொல்லுங்கள். மேலேயிருந்து 0, 1, 4, 9, 16 ஆவது சதுரங்களில் வட்டம் வரட்டும். இன்னொரு கொப்பியில் 0, 4, 8, 12, 16 என்று சம அளவில் கீறட்டும். இரண்டையும் விரலால் விறுவிறென்று புரட்டிப் பார்த்தால் எது தேங்காய், எது கயிற்றில் இறங்கும் வாளி என்று சின்னப் பிள்ளையே சொல்லிவிடும்.

பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் பெரும்பாலும் கணனி விஞ்ஞானப் பட்டத்தின் உள்ளே ஒரு பகுதியாக வருகிறது. மாணவர் முதலில் ஒரேயொரு முக்கோணத்தைத் திரையிற் கொண்டுவரக் கற்கிறார். பின்னர் அதைத் தாயங்களின் உதவியால் நகர்த்தவும் சுழற்றவும் கற்கிறார். எது முன்னால், எது பின்னால் மறைந்திருக்கிறது என்று கணிக்கிறார். பிறகு ஒளி, பிறகு அசைவு. இதிலே பொறுமைக்கு வரும் சோதனை பெரிது. எங்கோ ஒரு சகக் குறி சயக் குறியாகிவிட்டால் திரை முழுக்கக் கறுப்பாக நிற்கும். என்ன பிழை என்று கணனி பல வேளைகளிற் சொல்லாது. விடியும்வரை தேடவேண்டி வரும். களையையும் பயிரையும் பிரித்தறியக் கற்ற கண்கள் இதற்கும் உதவும் என்றே நாம் நினைக்கிறோம்.

எந்தப் படியில் அறுந்தது?

இனி எமது நிலைமைக்கு வருவோம். இடம்பெயர்வு எல்லாப் பாடங்களையும் பாதிக்கிறது. ஆனால் கணிதத்தை அது வேறு விதமாகப் பாதிக்கிறது. சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் தவறினாலும் அடுத்த அத்தியாயத்தைப் படிக்கலாம். கணிதம் ஏணி போன்றது. பின்னங்கள் படிப்பித்த தவணையில் குடும்பம் ஒரு மரத்தடியில் இருந்திருந்தால், விகிதம் விளங்காது. விகிதம் விளங்காவிட்டால் திரிகோண கணிதம் விளங்காது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஓடாது" என்று எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையும் நம்பிவிடுகிறது. உண்மையில் மூளையிற் குறையில்லை. ஏணியில் ஒரு படி இல்லை, அவ்வளவுதான்.

விட்ட படியைப் பிறகும் போடலாம். யூட்டாவில் கட்மலின் காலத்தில் கற்ற ஜிம் கிளார்க் என்பவர் 16 வயதிற் பாடசாலையை விட்டுக் கடற்படையிற் சேர்ந்தவர். அங்கேதான் தமக்குக் கணிதத்தில் திறமை உண்டென்று கண்டுகொண்டார். இரவு வகுப்புகளுக்குப் போய்ப் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றார். 1974இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் அவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து 1992இல் வெளிவந்த வரைகலைச் செய்நிரல் தொகுதியைக் கொண்டுதான் அதன் பின்னர் உலகெங்கும் பல மாணவர்கள் தமது முதல் முக்கோணத்தைத் திரையில் கண்டார்கள்.

எமது பங்குகளிலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் மாலை வகுப்பு நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். பரீட்சை வினாத்தாள்களை மட்டும் செய்விப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் அறுந்தது என்று முதலிற் கண்டுபிடியுங்கள். தரம் 10 பிள்ளைக்குத் தரம் 6 கணக்கைப் படிப்பிப்பது வெட்கமல்ல.

காசு கட்டுமுன்

அரச பல்கலைக்கழகங்களிற் பட்டப்படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு, மொறட்டுவை ஆகிய பல்கலைக்கழகங்களிற் கணனி சார்ந்த பட்டப்படிப்புகள் உண்டு. வசதி குறைந்த மாணவருக்கு மகாபொல போன்ற புலமைப்பரிசில்கள் உள்ளன. கற்பித்தல் ஆங்கிலத்தில் நடப்பதால் அந்த மொழியையும் இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். போட்டி கடுமையானது என்பதையும் மறைக்கவில்லை. படிப்பவர் எல்லோரும் திரைப்படத் துறைக்குப் போவதுமில்லை. வைத்தியசாலையில் உடலின் உட்புறத்தைத் திரையிற் காட்டுவதற்கும், கட்டட வரைபுகளுக்கும், நில வரைபடங்களுக்கும் இதே கணக்குத் தேவைப்படுகிறது.

தனியார் வகுப்பொன்றுக்குக் காசு கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அங்கே செய்நிரல் எழுதப் பழக்குகிறார்களா, அல்லது ஏதோ ஒரு மென்பொருளின் பொத்தான்களை அழுத்த மட்டும் பழக்குகிறார்களா? கொடுக்கும் சான்றிதழை எந்த அரச நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது? முன்பு படித்து வெளியேறிய பிள்ளைகள் செய்த வேலையைக் காட்ட முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் காப்பு வீட்டிலேயே இருக்கட்டும்.

பொத்தான் பழகுவதற்குக் காசு தேவையுமில்லை. பிளெண்டர் என்ற அசைவூட்ட மென்பொருள் 2002இல், பொதுமக்கள் ஏழு வாரங்களிற் சேர்த்த ஒரு லட்சம் யூரோவால், எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியதாக விடுவிக்கப்பட்டது. லத்வியா என்ற சிறிய நாட்டின் இளைஞர் ஒருவர் அதே மென்பொருளைக் கொண்டு நெறிப்படுத்திய "ஃபுளோ" என்ற படம் 2025இல் ஒஸ்கார் விருது பெற்றது. வெள்ளத்தில் இருப்பிடத்தை இழந்த ஒரு பூனை, வேறு மிருகங்களோடு ஒரே படகில் வாழக் கற்றுக்கொள்வதே அதன் கதை.

அடுத்த தவணை தொடங்குமுன் பெற்றோர் ஒன்று செய்யலாம். அதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பழைய கணக்குக் கொப்பிகளை, எஞ்சியிருப்பவற்றை, எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். எந்தத் திகதிக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன என்று பாருங்கள். அந்த நாட்களில் நாம் எங்கே இருந்தோம் என்பது உங்களுக்கே நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்தில் ஒரு துண்டை வைத்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள். "இதிலேயிருந்து திரும்பத் தொடங்க வேணும் சேர்" என்று சொன்னாற் போதும்.